அரை விநாடி தாமதத்தில் சிக்கிய சதி: 'எக்ஸ்இசட்' விவகாரம் என்றால் என்ன? இந்தியா ஏன் கவனிக்க வேண்டும்?

2024 மார்ச் மாதக் கடைசி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், 'போஸ்ட்கிரெஸ்' எனும் டேட்டாபேஸ் மென்பொருளின் வேகத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேகத்தை அளக்கும்போது கணினியில் வேறு எதுவும் ஓடக்கூடாது. ஆனால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

எது என்று பார்த்தால், 'எஸ்எஸ்எச்'. தூரத்தில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் மென்பொருள் அது. வழக்கமாக 0.3 விநாடியில் முடிய வேண்டிய லாகின், 0.8 விநாடி எடுத்தது. வெறும் அரை விநாடி கூடுதல்.

நம்மில் பெரும்பாலானோர் "நெட் ஸ்லோ போல" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. நோண்டிக்கொண்டே போனார். கடைசியில் அவர் கையில் சிக்கியது, உலகின் ஏராளமான சர்வர்களுக்குள் யாரோ ரகசியமாக நுழைய அமைத்து வைத்திருந்த ஒரு கொல்லைப்புறக் கதவு.

மார்ச் 29-ம் தேதி, புனித வெள்ளி அன்று, அவர் அதைப் பொதுவெளியில் அறிவித்தார். மென்பொருள் உலகம் ஆடிப்போனது. இந்தப் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு சிவிஇ-2024-3094 என்று எண் தரப்பட்டது. ஆபத்தின் அளவுக்கு 10-க்கு 10 மதிப்பெண். அதாவது, இதைவிட மோசமாக இருக்க முடியாது.

இந்தக் கதவை அமைத்தவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. களைத்துப்போன ஒரு மனிதரிடம் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த விவகாரம் பேசப்படுகிறது.

'எக்ஸ்இசட்' என்றால் என்ன?

ஃபைல்களைச் சுருக்கும் ஒரு மென்பொருள். நாம் 'ஜிப்' ஃபைல் அனுப்புகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். பெரிய ஃபைலைச் சின்னதாக்கும். தேவைப்படும்போது மறுபடி விரிக்கும். முழுப்பெயர் 'எக்ஸ்இசட் யூடில்ஸ்'.

சாதாரணமாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் லினக்ஸ் ஓடும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. லினக்ஸ் எங்கே ஓடுகிறது? இணையதளங்களைத் தாங்கும் சர்வர்களில் மிகப் பெரும்பகுதி லினக்ஸ்தான். நீங்கள் போனில் பணம் அனுப்பும்போதும், ரயில் டிக்கெட் போடும்போதும், மறுமுனையில் எங்கோ ஒரு லினக்ஸ் கணினி வேலை செய்கிறது என்று தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்இசட், 'ஓப்பன் சோர்ஸ்' எனப்படும் திறந்த மூல மென்பொருள் வகையைச் சேர்ந்தது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனால் வரும் திருத்தங்களைப் பார்த்து, சரி என்றால் சேர்த்து, புதிய பதிப்பை வெளியிட ஒருவர் வேண்டும். அவரைத்தான் பராமரிப்பாளர் என்கிறார்கள்.

எக்ஸ்இசட்டுக்கு அப்படி இருந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின். ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை. 15 ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடந்தது.

கொல்லைப்புறக் கதவு எப்படி உள்ளே வந்தது?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. காலவரிசையில் பார்ப்போம்.

2021: 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வருகிறார். அக்டோபரில் எக்ஸ்இசட்டுக்கு முதல் திருத்தத்தை அனுப்புகிறார். சின்ன, ஒழுங்கான, பயனுள்ள திருத்தம். தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எதிலும் குறை இல்லை.

2022: 'ஜிகர் குமார்', 'டென்னிஸ் என்ஸ்' என்ற பெயர்களில் சிலர் திடீரென்று முளைக்கிறார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, பராமரிப்பாளரை மாற்றினால் என்ன என்று கொலினைப் பொதுவெளியில் நச்சரிக்கிறார்கள். முதல் பெயரைப் பார்த்தால் நம்மூர் ஆள் போலத் தெரியும். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் உண்மையான மனிதர்கள் யாரும் இருந்ததாக இன்றுவரை தடயம் இல்லை. இந்த நெருக்கடிக்காகவே உருவாக்கப்பட்ட போலிக் கணக்குகள் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

அந்த ஜூன் மாதம் கொலின் எழுதிய பதிலில் ஒளிவுமறைவே இல்லை. நீண்ட நாட்களாக மனநலப் பிரச்சினைகள் இருப்பதால் முன்புபோல் வேலை செய்ய முடியவில்லை. இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வையுங்கள் என்றார். ஜியா டான் உதவி வருவதாகவும், அவருக்கு இனி பெரிய பொறுப்பு கிடைக்கலாம் என்றும் சொன்னார்.

எதிர்த்தரப்பு காத்திருந்தது இதற்குத்தான்.

2023: ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆகிவிட்டார். திருத்தங்களை நேரடியாகச் சேர்க்கும் அதிகாரம், புதிய பதிப்புகளை வெளியிடும் அதிகாரம் இரண்டும் அவர் கைக்கு வந்தன.

2024 பிப்ரவரி: 5.6.0 பதிப்பு வெளியானது. மார்ச் 9-ல் 5.6.1. இரண்டிலும் கொல்லைப்புறக் கதவு இருந்தது. உடனே டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் குழுக்களிடம், புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜியா டானும் வேறு சில புதிய கணக்குகளும் கேட்கத் தொடங்கின.

ஒரு நல்ல பெயரைச் சம்பாதிக்க இரண்டரை ஆண்டு உழைப்பு. அவசரமே படவில்லை.

எல்லோரும் பார்க்கக்கூடிய நிரலில் எப்படி ஒளித்தார்கள்?

நியாயமான கேள்வி. இதில் இரண்டு தந்திரங்கள் இருந்தன.

முதலாவது, சோதனை ஃபைல்கள். சுருக்கும் மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே கெட்டுப்போன ஃபைல்களையும் கூடவே வைத்திருப்பார்கள். "கெட்டுப்போன ஃபைலைக் கொடுத்தால் என்ன ஆகிறது?" என்று பார்ப்பதற்காக. அவற்றைத் திறந்தால் குப்பை போலத்தான் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தக் குப்பைக்குள்தான் விஷத்தை வைத்தார்கள்.

இரண்டாவது, பொட்டல வித்தை. எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியம் ஒன்று. லினக்ஸ் குழுக்கள் இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுப் பொட்டலம் இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நம்புவார்கள். ஆனால் சோதனை ஃபைலிலிருந்து விஷத்தை எடுத்துப் பொருத்தும் சில வரிகள் பொட்டலத்தில் மட்டுமே இருந்தன, களஞ்சியத்தில் இல்லை. கடைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் சேலை ஒன்று, மடித்துப் பையில் போட்டுத் தருவது வேறொன்று என்கிற மாதிரி.

சரி, ஃபைல் சுருக்கும் மென்பொருளுக்கும் லாகினுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக எதுவும் இல்லை. எஸ்எஸ்எச் மென்பொருள் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் டெபியன் உள்ளிட்ட சில லினக்ஸ் வகைகளில், கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் 'சிஸ்டம்டி' என்ற மென்பொருளோடு எஸ்எஸ்எச்சை இணைத்திருந்தார்கள். அந்த சிஸ்டம்டிக்கு எக்ஸ்இசட் தேவைப்பட்டது. ஆக, எக்ஸ்இசட்டைப் பிடித்தால் சிஸ்டம்டி வழியாக எஸ்எஸ்எச்சுக்குள் போய்விடலாம். மாடிக்கு ஏற, பக்கத்து வீட்டு ஓட்டைப் பிடித்த கதை.

உள்ளே போன நிரல், லாகின் செய்ய வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் இடத்தில் குறுக்கே நின்றது. தாக்குபவரிடம் மட்டுமே உள்ள ஒரு ரகசியச் சாவியோடு யாராவது வந்தால், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் அவர் தரும் கட்டளையை அந்தக் கணினி நிறைவேற்றும். மற்றவர்களுக்கு எல்லாம் வழக்கம்போலவே தெரியும்.

பிறகு எப்படிப் பிடிபட்டது?

கவனமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து.

இணையத்தில் இருக்கும் எந்தக் கணினியையும் யாரோ ஒருவர் தானியங்கி முறையில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏதேதோ யூசர்நேம் போட்டு லாகின் செய்ய முயல்வார்கள். அவை உடனே தோற்றுவிடும். ஃபிராய்ண்டின் கணினியிலும் அதுதான் நடந்தது. ஆனால் தோற்றுப்போகும் லாகின்களுக்குக்கூட எஸ்எஸ்எச் இவ்வளவு உழைப்பானேன் என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

சில வாரங்களுக்கு முன்பு வேறொரு சோதனையில், மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு புரியாத சில பிழைச் செய்திகள் வந்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். தேடல் எக்ஸ்இசட்டில் போய் நின்றது.

அவர் பயன்படுத்தியது டெபியனின் பரிசோதனைப் பதிப்பு. கதவு அந்தக் கட்டம் வரைதான் வந்திருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்குள் இன்னும் போகவில்லை. டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் ஆகியவற்றின் நிலையான பதிப்புகள் தப்பின. பரிசோதனைப் பதிப்புகளை வைத்திருந்தவர்கள் மட்டும் அவசரமாகப் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள்.

இன்னும் சில மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருந்தால்? புதிய நிலையான பதிப்புகள் வழியாக உலகெங்கும் உள்ள வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலக சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜியா டான் யார்?

தெரியாது. அந்தப் பெயரில் இயங்கியவர் அதோடு காணாமல் போனார். ஒரு நபரா, குழுவா என்பதுகூட உறுதியாகவில்லை. இத்தனை ஆண்டுப் பொறுமை, இவ்வளவு நேர்த்தி இருப்பதால் ஏதோ ஒரு நாட்டின் உளவு அமைப்பு பின்னால் இருக்கலாம் என்று பல பாதுகாப்பு வல்லுநர்கள் சந்தேகிக்கிறார்கள். எந்த நாடு என்பதற்கு ஆதாரம் வெளியாகவில்லை.

இது ஒரே ஒரு தடவை நடந்த முயற்சியா என்பதும் சந்தேகமே. 2024 ஏப்ரலில் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இணையதளங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தில் தங்களைப் பராமரிப்பாளராகச் சேர்க்கும்படி முன்பின் தெரியாதவர்கள் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல்கள் அனுப்பியதாக அது சொன்னது. அங்கே யாருக்கும் சாவி தரப்படவில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

ஒவ்வொரு முறையும் காரணம் வேறு வேறு. ஆனால் அடியில் இருக்கும் பலவீனம் ஒன்றுதான்.

ஹார்ட்பிளீட், 2014: இணையதள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் வேலை செய்யும் மென்பொருள்களில் முக்கியமானது 'ஓப்பன்எஸ்எஸ்எல்'. அதில் இருந்த ஒரு பிழையால் சர்வரின் நினைவகத்தில் இருக்கும் ரகசியங்கள் வெளியே கசியலாம் என்று தெரியவந்தது. சுமார் 5 லட்சம் தளங்கள் ஆபத்தில் இருந்ததாக அப்போது கணக்கிடப்பட்டது. அதைவிட அதிர்ச்சி, அந்த மென்பொருள் திட்டத்துக்கு ஓர் ஆண்டில் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்.

லெஃப்ட்-பேட், 2016: இது கொஞ்சம் வேடிக்கையானது. ஓர் எண்ணுக்கோ சொல்லுக்கோ இடது பக்கம் பூஜ்யமோ காலியிடமோ சேர்க்கும் நிரல். 7 என்பதை 007 ஆக்குவது போல. மொத்தமே 11 வரி. அதை எழுதிய அசெர் கோச்சுலு, வேறொரு நிரலின் பெயர் தொடர்பான தகராறில் கோபப்பட்டு, 'என்பிஎம்' எனும் ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியத்திலிருந்து தன் நிரல்கள் அனைத்தையும் நீக்கிவிட்டார். அந்த 11 வரியை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அப்படியே நின்றுபோயின. நீக்கிய நிரலை என்பிஎம் நிர்வாகமே மீண்டும் போட வேண்டியிருந்தது.

ஈவன்ட்-ஸ்ட்ரீம், 2018: எக்ஸ்இசட்டுக்கு ஒத்திகை என்றே சொல்லலாம். இந்த நிரலை எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிய ஒருவரிடம் நல்லெண்ணத்தில் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலைச் செருகினார்.

லாக்4ஜே, 2021: கணினியில் நடப்பதை எல்லாம் குறித்துவைக்கும் ஜாவா மென்பொருள். ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதிய வாசகத்தைக் குறித்துவைக்கச் செய்தாலே போதும், கணினியைத் தாக்குபவர் கைப்பற்றலாம் என்ற நிலை. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்தே சிலர் இதைச் செய்துகாட்டினார்கள். அந்த டிசம்பரில் அதைச் சரிசெய்ய இராப்பகலாக உட்கார்ந்தவர்களும் தன்னார்வலர்கள்தான்.

என்பிஎம் தாக்குதல்கள், 2025: செப்டம்பர் மாதம், பராமரிப்பாளர் ஒருவருக்கு என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அவர் ஏமாந்ததும், அவர் பொறுப்பில் இருந்த 18 நிரல்களில் விஷம் கலக்கப்பட்டது. வாரத்துக்குச் சேர்த்து 200 கோடி தடவைக்கும் மேல் டவுன்லோட் ஆகும் நிரல்கள் அவை. இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்ததால் பெரிய சேதம் இல்லை. அடுத்த வாரமே 'ஷாய்-ஹுலூத்' என்ற இன்னொரு தாக்குதல், தானாகப் பரவும் புழுவாக வந்து 500-க்கும் மேற்பட்ட நிரல்களைப் பாதித்தது.

இவ்வளவு பெரிய கட்டடம் ஏன் இப்படிச் சில தோள்களில் நிற்கிறது?

எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், யாரும் பொறுப்பேற்பதில்லை. ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. தண்ணீர் எடுக்க ஊரே வரும். தூர் வாரும் நாளில் ஒருவர் மட்டும் இறங்குவார்.

இதன் மதிப்பை ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் 2024-ல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருள்களை ஒரே ஒரு தடவை புதிதாக எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். ஆனால் அவை இல்லாமல் போய், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் 8.8 லட்சம் கோடி டாலர் ஆகும். அந்த மதிப்பில் 96 சதவீதத்தை உருவாக்குவது வெறும் 5 சதவீத நிரலாளர்கள்.

பிரச்சினை பணம் மட்டும் இல்லை. ஓர் இணையதளத்தை உருவாக்கும் நிறுவனம் பத்து, பதினைந்து நிரல்களைத்தான் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பதினைந்தும் தங்களுக்குத் தேவையானவற்றை இழுத்து வரும். அவை மேலும் சிலவற்றை இழுக்கும். கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அவற்றை எழுதியது யார், இன்று யார் கையில் இருக்கிறது என்று அந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது.

திறந்த மூல மென்பொருள்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ல் வெளியிட்டது. அதற்கும் முன்பே, சென்னை சி-டாக் மையத்தில் உருவான 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய இயங்குதளம் இருக்கிறது. அதன் அடித்தளம் டெபியன். ஃபிராய்ண்டின் கணினியில் எதன் பரிசோதனைப் பதிப்பு ஓடியதோ, அதே டெபியன் குடும்பம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி கற்பதும் லினக்ஸில்தான். வங்கிகள், ஸ்டார்ட்-அப்கள், ஐடி நிறுவனங்கள் எல்லாமே திறந்த மூல நிரல்களை அள்ளிப் பயன்படுத்துகின்றன. அதாவது, பின்லாந்தில் ஒருவர் களைத்துப்போனால் அதன் விளைவு மதுரையில் ஒரு கிளை அலுவலகம் வரை வரலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிரல்களைப் பகிரும் 'கிட்ஹப்' தளத்தில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிக நிரலாளர்கள் இருக்கும் நாடு இந்தியா. இத்தனை பேர் இருக்கும் நாடு, எடுத்துப் பயன்படுத்துவதோடு நிற்காமல் பராமரிப்பிலும் தோள் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து வருகிறது. பெங்களூருவைச் சேர்ந்த ஜெரோதா நிறுவனம், உலகெங்கும் உள்ள திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் 'ஃபிளாஸ் ஃபண்ட்' நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. இந்திய நிறுவனங்களிடமிருந்து இந்த அளவில் வந்த முயற்சிகள் குறைவு.

அரசுகள் என்ன செய்கின்றன?

முதல் வேலை, வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அச்சிடுவது போல, ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த நிரல்கள், எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற உட்பொருள் பட்டியலைத் தரச் சொல்வது. 'எஸ்பாம்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அமெரிக்கா 2021-ல் அதிபர் ஆணை மூலம் இதை முன்னெடுத்தது.

இந்தியாவில் சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியும், 2024 ஆகஸ்டில் அறிவித்த சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பில் இந்தப் பட்டியலைச் சேர்த்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போனது. அதன் 'சைபர் ரெசிலியன்ஸ்' சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கட்டாயங்கள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். பொருளை விற்றுக் காசு பார்க்கும் நிறுவனம்தான், உள்ளே இருக்கும் திறந்த மூல நிரலுக்கும் சேர்த்துக் கவனம் எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஜெர்மனி 2022 முதல் இத்தகைய மென்பொருள்களின் பராமரிப்புக்கு அரசு நிதி தருகிறது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உட்பொருள் பட்டியல் இருந்தால், பிரச்சினை வெடித்த மறுநாள் "நம்மிடம் 5.6.1 இருக்கிறதா?" என்று பத்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியும். அது பெரிய விஷயம். ஜியா டானை அது தடுத்திருக்காது. பட்டியலில் 'எக்ஸ்இசட் 5.6.1, கையெழுத்து: ஜியா டான்' என்று எல்லாம் முறையாகவே இருந்திருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

சாதாரணப் பயனராக இருந்தால்: போன், கணினி அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். "அப்டேட் வழியாகத்தானே விஷமே வந்தது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அப்டேட்டால் கெட்டது அபூர்வம், அப்டேட் செய்யாமல் கெட்டது அன்றாடம். ஹார்ட்பிளீட், லாக்4ஜே இரண்டிலும் புதுப்பித்தவர்களே தப்பினார்கள்.

நிரல் எழுதுபவராக, மாணவராக இருந்தால்: பத்து வரியில் நீங்களே எழுதக்கூடியதற்கு வெளி நிரலைச் சேர்க்கும் முன் யோசியுங்கள். சேர்ப்பதாக இருந்தால் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். வெளியான அன்றே புதிய பதிப்புக்குத் தாவாதீர்கள், சில நாள் பொறுங்கள். என்பிஎம், கிட்ஹப் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு அவசியம். "உடனே மாற்றாவிட்டால் கணக்கு முடங்கும்" என்று வரும் மெயிலின் லிங்கைத் தொடாமல், நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

நிறுவனம் நடத்துபவராக இருந்தால்: உங்கள் தயாரிப்பு எந்த நிரல்களின் மேல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதில் ஒற்றை ஆள் தாங்கும் திட்டங்கள் எவை என்று குறியுங்கள். அவருக்குப் பணம் அனுப்பலாம். அல்லது உங்கள் ஊழியர் ஒருவரின் நேரத்தில் வாரம் சில மணி நேரத்தை அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கலாம். கொலினுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: நம்பகமான இன்னொரு ஆள். அந்தக் காலியிடத்துக்கு விண்ணப்பித்தவர் தாக்குபவர் மட்டுமே.

கடைசியாக, எல்லோருக்கும் ஒன்று. இலவச மென்பொருளில் ஒரு குறை கண்டால் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் "எத்தனை நாளாச்சு, இன்னும் சரி பண்ணலையா?" என்று கேட்கும் முன், மறுமுனையில் இருப்பவர் ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் படிக்கும் ஒரு தனி மனிதராக இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்இசட்டில் தாக்குபவர்கள் முதலில் ஏவிய ஆயுதம் அந்த நச்சரிப்புதான்.

எக்ஸ்இசட் இப்போது எப்படி இருக்கிறது?

விவகாரம் வெடித்தபோது, திட்டத்தின் பக்கத்தையும் கொலினின் கணக்கையும்கூட கிட்ஹப் முடக்கியது. பிறகு திரும்பத் தந்தது. கொலின் மீண்டும் உட்கார்ந்து, ஜியா டான் தொட்ட இடங்களை எல்லாம் சரிபார்த்தார். 2024 மே 29-ம் தேதி, கொல்லைப்புறக் கதவு நீக்கப்பட்ட 5.6.2 பதிப்பு வெளியானது. வெளியிட்டவர் லாஸ்ஸே கொலின்.